நல்ல தண்ணீரில் கழுவிய புத்தகம்

அந்த ஓவியரை உலகம் அவர் தீட்டிய படங்களால் அறியும். நான் அவரை ஒரு மாடிப்படியால் அறிந்தேன்.

எம்.ஏ. படித்தபோது போர்ட் பிளேரில் எங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய கதைத் தொகுப்பு கிடந்தது. அட்டை போய், முதல் பக்கங்களும் போய், யார் தொகுத்தது என்றே தெரியாத புத்தகம். மின்சாரம் போன ஒரு பிற்பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் புரட்டினேன். ஒரு கதையில் ஒரு வீட்டின் மாடிப்படிக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. வீட்டார் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. படி படியாக ஈரத்துணி போடுகிறார்கள். வெங்காயச் சூப் வைத்து, ஆறவிட்டு, கரண்டியால் ஊற்றுகிறார்கள். வைத்தியர் வந்து கைப்பிடியைத் தொட்டு நாடி பார்க்கிறார். மூத்த மகளுக்கு மட்டும் தூக்கமே இல்லை. படி முனகும்போதெல்லாம் அவள்தான் எழுந்து துணியை நனைத்துப் போட வேண்டும்.

மாடிப்படிக்குக் காய்ச்சல் என்பது பொய். அந்த மகளின் களைப்பு பொய்யல்ல. அதை எழுதியவருக்குக் களைப்பு என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. படித்து முடித்துவிட்டு, கதையின் மேல் இருந்த பெயரை வைத்து, இப்படி எழுதும் இந்தப் பெண் யார் என்று தேடினேன். அப்போதுதான் தெரிந்தது, அவர் பெரிய சர்ரியலிச ஓவியர் என்பது. கனவில் வருவதைப் போன்ற படங்களைத் தீட்டியவர். அருங்காட்சியகங்களில் அவர் படங்களைப் பார்க்க வரிசையில் நிற்கிறார்களாம். கதைகளும் ஒரு நாவலும் தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார் என்பதை, வாழ்க்கைக் குறிப்பின் கடைசியில், அவர் பூனை வளர்த்தார் என்பதற்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்தபோது அவருடைய எழுத்துகளைத்தான் எடுத்துக்கொள்வேன் என்று சொன்னேன்.

என் நெறியாளர் மேடம் சென்னையிலிருந்து வந்து பல வருடங்களாக இங்கே ஆங்கிலம் கற்பிப்பவர். அந்த ஓவியரின் படங்களை வெளிநாட்டில் ஓர் அருங்காட்சியகத்தில் நேரில் பார்த்தவர். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குரலே மாறிவிடும்.

"ரைட்டிங்ஸ் ஓகேம்மா. ஆனா தனியா அது நிக்காது," என்றார். "ஒவ்வொரு கதைக்கும் ஒரு பெயிண்டிங் இருக்கு. பெயிண்டிங்தான் சாவி. நீ பாதி தீசிஸ் பெயிண்டிங்ஸ்லதான் பண்ணணும்."

"மேடம், நான் கதைய முதல்ல படிச்சேன். படத்த அப்புறம்தான் பார்த்தேன். கதை எனக்குப் புரிஞ்சிச்சே."

"புரிஞ்ச மாதிரி இருந்திருக்கும்."

அந்த ஒரு வாக்கியத்தை நான் வெகுநாள் சுமந்துகொண்டு திரிந்தேன். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா மீன் அறுத்துக் காயப்போடுகிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். வீட்டுக்கு வரும் எந்தத் தாளையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டு, மீன்வளத் துறை அறிவிப்பு, தம்பியின் மதிப்பெண். இதுவரை நான் படித்துச் சொன்ன எதையும் பார்த்து, உனக்குப் புரிந்த மாதிரி இருந்திருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

ஆய்வுத் திட்டத்தைக் குழுவின் முன் வைக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் ஒத்துக்கொண்டால் என் தலைப்பு எனக்கு. இல்லையென்றால் மேடம் சொல்லும் தலைப்பு. பூஜா விடுமுறைக்கு முன்னால் மேடம் தன் சொந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அந்த அருங்காட்சியகத்திலேயே வாங்கியது. ஓவியரின் எழுத்துகள் அத்தனையும் ஒரே தொகுப்பாக, நடுவில் பளபளப்பான தாளில் வண்ணப் படங்கள்.

"படங்களைப் பார்த்துட்டு வா. அப்புறம் பேசலாம். பத்திரம், இது இங்க கிடைக்காது."

காராச்சர்மாவில் நான் இருப்பது சித்தி வீட்டில். காலையில் பஸ் பிடித்து ஊருக்குள் போய்க் கல்லூரி, மாலையில் திரும்பி வந்து பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன். அந்த மழைக்காலம் முழுக்க என் கைப்பையும் காய்ந்ததில்லை, நானும் முழுசாகத் தூங்கியதில்லை. விடுமுறைக்கு லாங் ஐலண்ட் தீவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தூங்கிவிட்டு வந்தால் போதும் என்று இருந்தது. புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

விடியுமுன் ஏறிய பஸ், காட்டுச் சாலையில் வண்டிகளின் வரிசையில் காத்திருந்து, படகுத்துறைகளில் காத்திருந்து, ரங்கத் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஜெட்டிக்குப் போனால் அரசுப் படகு போய்விட்டிருந்தது. அப்பா டோங்கியை எடுத்துக்கொண்டு வந்தார். டோங்கி என்றால் எஞ்சின் வைத்த சின்னப் படகுதான்.

"பைய குறுக்க வய்யி மக்கா, தண்ணி அடிக்கும்," என்றார்.

வைத்தேன். ஆனால் உட்கார்ந்தபடியே உறங்கிப்போனேன். காற்றில் அலை எழும்பி அடித்தது எனக்குத் தெரியாது. வீடு வந்து சேர்ந்தபோது பையின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சாப்பிடாமலேயே படுத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கரைக்கடலில் பிழைக்கிற வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். உப்புத் தண்ணீர் பட்ட பொருளை அப்படியே காயவிடக் கூடாது. முதலில் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அம்மா அதை மீட்டா பானி என்பார். இங்கே பிறந்து வளர்ந்தவர்களின் தமிழில் பாதி இப்படி இந்தியாகத்தான் இருக்கும். ஒருமுறை கவிழ்ந்த படகின் எஞ்சினை அப்பா டிரம் தண்ணீரில் முக்கி ஓடவிட்டார். வலை, டார்ச், செருப்பு, சாவிக்கொத்து எல்லாம் அப்படியே. என் முதல் செல்போன் கடலில் விழுந்தபோது, எல்லோரும் அரிசிக்குள் வை என்று கத்திக்கொண்டிருக்கையில் அம்மா அதைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் அலசி வெயிலில் வைத்தார். அது பிழைத்தது. அதற்குப் பிறகு அம்மாவிடம் யாரும் வாதாட முடியாது.

காலையில் எழுந்து முற்றத்துக்கு வந்தேன். மீன் கழுவும் நீலத் தொட்டியில், தெளிந்த தண்ணீருக்குள், மேடத்தின் புத்தகம் விரிந்து கிடந்தது. அம்மா அதன் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, உள்ளங்கையால் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கை அவ்வளவு மென்மையாக வேலை செய்தது.

தொட்டியருகே ஓடினேன்.

"எந்திச்சிட்டியா? காப்பி மூடி வச்சிருக்கேன், குடி," என்றார் அம்மா. "ஒரு ஓரம்பூரா உப்புத்தண்ணி ஏட்டி. நான் பாக்கலன்னா இந்நேரம் கராப் ஆயிருக்கும்."

"அம்மா, ஓரந்தான நனஞ்சிச்சு?"

"ஓரத்துல உப்பு கெடந்தா நடுவுக்குப் போவாதா? துரு எங்கேருந்து ஏறுது?"

"அது இரும்பாம்மா? புஸ்தகம்!"

"கத்தாத. ரெண்டு தண்ணி மாத்தியாச்சு. நக்கிப் பாரு, உப்பே கெடயாது."

அப்பா வாசலில் வலைக்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். "யாரு புஸ்தகம் மக்கா?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கயிற்றைக் கீழே வைத்தார். "சரியாப்போச்சு," என்றார், எங்கள் இருவரில் யாரையும் பார்க்காமல்.

அம்மாவின் முகம் அப்போதுதான் மாறியது. ஆனால் அவர் அழுகிற ஆள் இல்லை. உடனே காயவைக்கும் வேலையில் இறங்கிவிட்டார். கருவாடு காயும் தட்டியைக் கழுவித் துடைத்து அடுப்படிக்குள் கொண்டுவந்து, அதன்மேல் என் பழைய தாவணியை விரித்தார். அப்பா கடைக்குப் போய்ப் பழைய பேப்பர்க் கட்டு ஒன்றைத் தூக்கிவந்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே ஒரு துண்டுப் பேப்பர். அது ஈரம் இழுத்ததும் எடுத்துவிட்டு இன்னொன்று. இதுதான் என் விடுமுறை. தூங்க வந்தவள், படிக்குத் துணி மாற்றும் அந்த மூத்த மகளைப் போலத் துண்டு மாற்றிக்கொண்டிருந்தேன்.

எழுத்துப் பக்கங்கள் சாதாரணத் தாள், பழுப்பேறியது. கிழிந்துவிடும் என்று பயந்து அவற்றைத்தான் முதலில் பிரித்தேன். நடுவில் இருந்த படங்கள் கனமான, வழவழப்பான, விலையுயர்ந்த தாள். நல்ல தாள் தாங்கும், அது காத்திருக்கலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவற்றிடம் வந்தபோது அத்தனை படங்களும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பலகையாகியிருந்தன. நகத்தால் நெம்பினேன். ஒரு மூலையில் வண்ணம் செதிலாக உரிந்து விரலில் ஒட்டிக்கொண்டது. அதோடு விட்டுவிட்டேன்.

பக்கம் மாற்றிக்கொண்டே இருக்கும்போது படிக்காமல் இருக்க முடியுமா? படித்தேன். அம்மாவுக்குக் குற்ற உணர்ச்சியோ என்னவோ, பக்கத்திலேயே உட்கார்ந்து, "என்ன எழுதிருக்கா அந்தப் பொம்பள? சொல்லு," என்று கேட்டார். மாடிப்படிக் கதையைச் சொன்னேன்.

"படிக்குக் காய்ச்சலா?"

"ஆமா."

"மலேரியாவா இருக்கும். ரத்தம் டெஸ்ட் பண்ணாளுவளா?"

அப்பா சிரித்துவிட்டார். "ஹெல்த் சென்டர்ல படிய தூக்கிட்டு வரச் சொல்லுவான். நாளைக்கு வா, டாக்டர் சாப் லீவுன்னு திருப்பி அனுப்புவான்."

"நீரு சும்மா இரும். பொறவு என்னட்டி ஆச்சு?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவரும் விடியுமுன் எழுந்தவர்தான். கதை முடிவு அவருக்குத் தெரியாமலேயே போயிற்று.

நான் படிப்பதை நிறுத்தவில்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, ஒரு விஷயம் மெல்ல உறைத்தது. படங்கள் இருந்தவரை, சித்தி வீட்டில் இரவுகளில் படித்தபோது, மேடம் சொன்னதைப் போல, ஒவ்வொரு வரிக்கும் நடுப்பக்கத்துக்குப் போய் அதற்கான படத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். தேடினால் கிடைக்காமல் போகுமா? ஏதோ ஒரு பறவை, ஏதோ ஒரு கதவு கிடைக்கும். இப்போது போவதற்கு நடுப்பக்கம் இல்லை. வரியிலேயே நின்றாக வேண்டும். நின்றபோது தெரிந்தது, இந்த எழுத்தில் நிறமே இல்லை. உலகமே அவருடைய வண்ணங்களைப் பார்க்க வரிசையில் நிற்கிறது. அவரோ, எழுத உட்கார்ந்தால் வண்ணப் பெட்டியை மூடிவிடுகிறார். வானம் என்ன நிறம் என்று சொல்வதில்லை. வெங்காயம் வேகும் வாசனையைச் சொல்கிறார். ஈரக் கம்பளியின் வாசனை, பூட்டிய அறையின் வாசனை. அடுத்த அறையில் யாரோ மெல்லும் சத்தம். தூரிகையால் தீட்ட முடியாதது எதுவோ அதற்குத்தான் பேனாவை எடுத்திருக்கிறார். படத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன் நிற்கும். கதையில் அவர் நம்மைக் காக்க வைக்கிறார். சூப் ஆறும்வரை நாமும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வாழ்க்கையைப் பற்றிய புத்தகத்திலும் இதே கதைதான். சிறு வயதைப் பற்றிப் பொய் சொல்கிறார், அடுத்த பக்கத்தில் அது பொய் என்கிறார், அதற்கடுத்த பக்கத்தில் மறுபடி அதையே சொல்கிறார். இதை எந்தப் படச் சட்டத்துக்குள் மாட்டுவது?

அடுப்படிப் புகையில், கருவாட்டுத் தட்டிக்கு முன்னால், என் ஆய்வு எனக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அதை மேடத்திடம் சொல்ல முதலில் அந்தப் பலகையைக் காட்ட வேண்டும்.

கிளம்பும்போது அம்மா ஒரு பொட்டலத்தை நீட்டினார். நெத்திலிக் கருவாடு, முதல் தரம். "டீச்சருக்குக் குடு. நாந்தான் கழுவினேன்னு சொல்லு, என்ன? உன்ன ஏசக் கூடாதுல்லா."

"சொல்றேன்."

சொல்லவில்லை. பொட்டலம் சித்தி வீட்டுக் குழம்புக்குப் போயிற்று. மேடத்தின் அறையில் புத்தகத்தை மேசைமேல் வைத்து, "படகில் நனைஞ்சிடுச்சு மேடம், என் தப்புதான்," என்றேன். அவர் எடுத்துப் பார்த்தார். அது அலையலையாகப் பருத்து, மூட முடியாமல் வாய் பிளந்திருந்தது. எழுத்துப் பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்தது. நடுவே வந்தார். பலகை. காகிதம் வெட்டும் கத்தியை எடுத்து ஓரத்தில் மெல்ல விட்டுப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார். அவர் கண் கலங்கியதைப் பார்க்காத மாதிரி நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பிறகு சொன்னார். "ஸ்ட்ரேஞ்ச், இல்ல? உனக்கு வேண்டாத பக்கம் மட்டும் போயிருக்கு."

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்; அம்மா கழுவினார் என்று. மேடம் நம்பியிருப்பார். சிரித்துமிருப்பார். பிறகு ஆசிரியர்கள் அறையில் சொல்லியிருப்பார், என் ஸ்டூடண்டோட அம்மா புத்தகத்தை மீன் மாதிரி கழுவிட்டாங்களாம் என்று. அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம். அதற்கு இந்தச் சந்தேகம் மேல்.

"நான் அப்படிப்பட்டவ இல்ல மேடம்," என்று மட்டும் சொன்னேன்.

"தெரியல. பார்க்கலாம்," என்றார். "குழுவில உன் தலைப்புக்கு நான் எதிரா பேச மாட்டேன். ஆதரவாவும் பேச மாட்டேன்."

அதற்குப் பின்வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பஸ், கல்லூரி, பஸ், டியூஷன். தனியாக உட்கார்ந்து ஆய்வுத் திட்டத்தை எழுதினேன். மேடம் வகுப்பில் என்னிடம் மரியாதையாகவே பேசினார். அந்த மரியாதைதான் தாங்க முடியாமல் இருந்தது.

குழு கூடிய அன்றே அம்மாவுக்குக் கண் பரிசோதனை. முதல்நாளே போர்ட் பிளேர் வந்து சித்தி வீட்டில் தங்கியிருந்தார். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு அனுப்பிவிட்டார்கள். தனியாக பஸ் ஏற முடியாது. அதனால் கல்லூரிக்கே கூட்டிவந்து, வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தேன். மடியில் இன்னொரு பொட்டலம்.

"உள்ள யாராச்சும் ஏசுனா என்ன கூப்பிடு," என்றார்.

"யாரும் ஏச மாட்டாங்க. நீ கண்ண மூடிக்கிட்டு இரு."

அறையில் மேடம், துறையிலிருந்து இன்னொரு பேராசிரியர், சுவரில் திரை. திரையில் மெயின்லேண்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவர். நான் பேசினேன். நிறமில்லாத எழுத்தைப் பற்றி, வாசனையைப் பற்றி, காக்கவைப்பதைப் பற்றி. சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். துறைப் பேராசிரியர் இரண்டு முறை கொட்டாவி விட்டார். திரையிலிருந்தவர் கவனமாகக் கேட்டார் போலத்தான் இருந்தது, நெட் நின்று நின்று வந்ததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முடித்ததும் அவர் ஆங்கிலத்தில் கேட்டார். "எல்லாம் சரி. ஓர் ஓவியரைப் பற்றி ஆய்வு. ஒரு படம்கூட இல்லை. ஏன் படங்களைத் தவிர்த்தீர்கள்?"

இதற்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். கோட்பாட்டுச் சொற்கள் நிறைந்த, நீளமான, நல்ல பதில். வாயைத் திறந்தேன். மேடம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல் தவறாமல் ஆதரவாகவும் இல்லாமல் எதிராகவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அவர் அந்தச் சந்தேகத்தோடுதான் இதைக் கேட்கப் போகிறார், என்ன சொன்னாலும் இவள் படங்களை நாசமாக்கிவிட்டு நியாயம் பேசுகிறாள் என்றுதான் அவர் காதில் விழும் என்று தோன்றியது. திடீரென்று எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

"நான் தவிர்க்கவில்லை சார். படங்கள் இருந்த புத்தகத்தை என் அம்மா கழுவிவிட்டார்."

மேடம் நிமிர்ந்தார்.

"எங்களுடையது கடலில் பிழைக்கும் குடும்பம். உப்புத் தண்ணீர் பட்டால் எதையும் நல்ல தண்ணீரில் கழுவுவோம். எஞ்சினைக் கழுவுவோம். அதையும் கழுவினார். படங்கள் ஒட்டிக்கொண்டன. எழுத்து பிழைத்தது. எழுத்தை மட்டும் படித்தேன். படங்கள் இல்லாமல் படித்தபோதுதான் இதெல்லாம் தெரிந்தது."

திரையில் பேராசிரியரின் முகம் பாதிக் கண் மூடி, வாய் கோணி, அப்படியே உறைந்து நின்றது. எவ்வளவு நேரமோ. பிறகு அசைந்தது.

"ஸாரி, கனெக்‌ஷன் போய்விட்டது. உங்கள் அம்மா என்ன செய்தார் என்றீர்கள்? தயவுசெய்து சத்தமாகச் சொல்லுங்கள்."

வாழ்க்கையில் இரண்டாம் முறை சொல்ல வேண்டாம் என்று நான் நினைத்த ஒரே வாக்கியம் அது. சத்தமாகச் சொன்னேன். வராந்தாவரை கேட்டிருக்கும். ஆங்கிலம் ஆகையால் அம்மாவுக்குப் புரிந்திருக்காது. துறைப் பேராசிரியருக்குத் தூக்கம் கலைந்து சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதைப் போல மறைத்தார். திரையிலிருந்தவர் சிரிக்கவில்லை. "அந்த நிறம் பற்றிய கருத்தை நாவலிலும் சோதித்துப் பாருங்கள்," என்றார். "நாவலில் அது பொருந்தாமல் போகலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை." அவ்வளவுதான். அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று திரை கறுத்துப்போனது.

இத்தனை மாதம் இதற்குத்தானா என்று இருந்தது.

மேடமும் நானும் ஒன்றாக வெளியே வந்தோம். அம்மா எங்களைக் கண்டதும் எழுந்தார். சொட்டு மருந்தால் விரிந்த கண்ணுக்கு மேடத்தின் முகம் சரியாகத் தெரிந்திருக்காது. சேலை தெரிந்திருக்கும். அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"டீச்சரம்மா, பிள்ள சொல்லிருப்பா. நாந்தான் கழுவினேன். உப்புத்தண்ணியாக்கும் பட்டது, அதான். படம் போயிட்டுன்னு பொறவுதான் சொன்னா."

மேடம் என்னைப் பார்த்தார். பிள்ளை சொல்லியிருக்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"சொன்னாம்மா," என்றார் மேடம். "இப்பதான் சொன்னா. ரெண்டு தடவ."

"பொறவும் ஏசிட்டீங்களா?"

"ஏசிட்டேன்," என்றார் மேடம். கொஞ்சம் தயங்கி, "ஏசியிருக்கக் கூடாது," என்றார்.

"அது பரவால்ல. வாத்திச்சி ஏசாம யாரு ஏசுவா?" அம்மா பொட்டலத்தை நீட்டினார். "போன தடவ குடுத்தது நல்லா இருந்துச்சா? இது அதவிட பெரிசு."

மேடம் சைவம். இதை அம்மாவிடம் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். இரண்டு விரலால், உடம்பிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருந்துச்சும்மா," என்றார். அதுவரை எனக்குக் கொடுக்காத நம்பிக்கையை, என்னைக் காட்டிக்கொடுக்காத அந்தப் பொய்யில் கொடுத்த மாதிரி இருந்தது. அந்தப் படங்கள் அவருக்கு இன்னொரு முறை கிடைக்காது என்பதும் அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. எனக்கு லாபமாக முடிந்தது அவருக்கு நஷ்டம்தான். அதை என்ன சொல்லி ஈடுகட்டுவது என்று தெரியவில்லை.

அபர்டீன் பஜாரில் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் அம்மா, முந்தானையால் கண்ணுக்கு வெளிச்சம் மறைத்தபடி. கண்டக்டர் காராச்சர்மா, காராச்சர்மா, ஜல்தி ஜல்தி என்று கூவிக்கொண்டிருந்தார்.

"பாஸா?" என்று கேட்டார் அம்மா.

"பாஸ் மாதிரிதான். இனிமேதான் எழுதணும்."

"இன்னுமா? பொறவு இத்தன நாள் என்னத்தட்டி எழுதுன?"

"எழுதப் போறேன்னு எழுதிக் குடுத்தேன்."

அம்மா, அரசாங்கக் காரியம் அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டிக்கொண்டார். பஸ் நகர்ந்தது. என் தலை அவர் தோளில் சாய்ந்தது.

"ஏட்டி, அந்தப் படிக்கு காய்ச்சல் விட்டுச்சா? நான் அன்னைக்கு ஒறங்கிட்டேன்."

"விட்டுருச்சு."

"பொறவு?"

"பொறவு அது மேல கால் வைக்க யாருக்கும் மனசு வரல. எல்லாரும் கீழயே இருந்துட்டாங்க. மூத்தவ மட்டும் மேல ஏறிப் போய், அங்கேயே படுத்துத் தூங்குறா. அதோட முடிஞ்சிது."

"நல்லதுதான். ஒறங்கட்டும், பாவம்," என்றார் அம்மா. "எறங்குற எடம் வந்தா நான் எழுப்புறேன். நீ கண்ண மூடு."

அவருக்கு வெளியே எதுவும் சரியாகத் தெரியாது என்பது எனக்கு நினைவிருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.